எஸ்டிஎஸ் லைப்ரரியை நம் சோர்ஸ் கோடுக்குள்ளேயே வைக்கலாமா? ஆம்பூர் லேபிள் புரோகிராமுக்கு ஒரு விரிவான பதில்

ஆம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஷூ கம்பெனிகளுக்கும் தோல் ஷெட்டுகளுக்கும் லேபிள் அடிக்கிற புரோகிராம் ஒன்றைச் சி மொழியில் எழுதிப் பராமரிக்கிறார். சின்ன லினக்ஸ் போர்டில் அது ஓடுகிறது. பார்ட்டி பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் தமிழில் அச்சாக வேண்டும். இதுவரை எல்லாவற்றுக்கும் அளவு குறித்த பஃபர்தான், அதாவது எழுத்துகளுக்கு முன்கூட்டியே ஒதுக்கிய மெமரி இடம். இப்போது சில பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டு வருகின்றன, ஓரிரு இடத்தில் புரோகிராமே விழுந்துவிடுகிறது. எழுத்துத் தொடர்களைக் (ஸ்ட்ரிங்) கையாளுகிற எஸ்டிஎஸ் என்கிற லைப்ரரியின் ஃபைல்களை அப்படியே தன் புராஜெக்டுக்குள் காப்பி செய்துகொள்ளலாம் என்று படித்திருக்கிறார். கூட வேலை பார்க்கிற அண்ணனோ, "அடுத்தவன் கோடை நம்ம கோடுக்குள்ள கொட்டாதே, லைப்ரரின்னா பேக்கேஜா இன்ஸ்டால் பண்ணு" என்று தடுக்கிறார். யார் சொல்வது சரி என்பது கேள்வி.

உங்கள் நிலைமைக்கு உள்ளே வைப்பதே சரி. அண்ணனின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. காப்பி செய்த நாள் முதல் அந்தக் கோடுக்கு நீங்கள்தான் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் என்னென்ன அடங்கும் என்று தெரிந்துகொண்டு செய்தால் பயப்பட ஒன்றுமில்லை. நானும் இந்த வேலூர் வட்டாரத்தில் எடை மெஷினும் லேபிளும் ஓட்டுகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், ஏன் உள்ளே வைக்கச் சொல்கிறேன்? உங்கள் போர்டு ஒன்று பேரணாம்பட்டில், ஒன்று மேல்விசாரத்தில், இன்னொன்று வாணியம்பாடியில். ஷெட்டுக்குள் நெட் கிடையாது. ஒரு போர்டு கெட்டு வேறொன்று வைக்கும்போது அதில் எந்த லினக்ஸ் வெர்ஷன் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பேக்கேஜை நம்பினால், லைப்ரரி இல்லாத போர்டில் புரோகிராம் தொடங்கவே தொடங்காது. அங்கே நிற்கிற சூப்பர்வைசருக்கு அது புரியாது, உங்களுக்குத்தான் போன் வரும். எஸ்டிஎஸ் ஆயிரத்துச் சொச்சம் வரி கொண்ட சின்னக் கோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்துவிடலாம். இப்படிப் படித்து முடிக்கக்கூடிய அளவில் இருப்பதை உள்ளே வைக்கலாம் என்பது என் அளவுகோல். ஓப்பன்எஸ்எஸ்எல், கர்ல் மாதிரி நெட்வொர்க்கை நேரடியாகத் தொடுகிற, அடிக்கடி பாதுகாப்புத் திருத்தம் வருகிற பெரிய லைப்ரரிகளை இப்படிக் காப்பி செய்யாதீர்கள். அங்கே அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

இன்னொரு எதிர்பார்ப்பையும் இங்கேயே சரிசெய்துவிடுகிறேன். ஸ்ட்ரிங் லைப்ரரியை உள்ளே வைத்துவிட்டால் போர்டுக்குப் போர்டு வரும் தொல்லை எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். தீராது. சி மொழியின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி வெளியேதான் இருக்கிறது. புது உபுண்டுவில் கம்பைல் செய்ததைப் பழைய போர்டில் போட்டால், இந்த ஜிலிப்சி வெர்ஷன் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். உங்களிடம் உள்ளதிலேயே பழைய போர்டு எதுவோ அந்த வெர்ஷனில் கம்பைல் செய்யுங்கள். இல்லையென்றால் ஜிலிப்சிக்கு மாற்றான மசில் லைப்ரரியை வைத்து முழுக்க ஸ்டாட்டிக்காக, அதாவது எல்லாம் ஒரே ஃபைலுக்குள் அடங்கும்படி, லிங்க் செய்யுங்கள். இது தனி வேலை.

இனி உங்கள் புரோகிராம் ஏன் விழுகிறது என்று பார்ப்போம். நீங்கள் காட்டிய ஸ்ட்ரக்டில் மாவட்டத்துக்கு 32 பைட் ஒதுக்கியிருக்கிறீர்கள். எழுதிய காலத்தில் அது தாராளமான இடம்தான். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். "வேலூர்" என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு வ, ஏகாரக் கொம்பு, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறு குறியீடு, 18 பைட். ஸ்ட்ரிங் முடிந்தது என்று காட்டக் கடைசியில் வரும் சுழி பைட்டையும் சேர்த்து 19. 32-க்குள் வசதியாக உட்கார்ந்தது. 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின, மேல்விசாரமும் ஆற்காடும் ராணிப்பேட்டைக்குப் போயின. "திருப்பத்தூர்" 13 குறியீடு, 39 பைட். "ராணிப்பேட்டை" 36 பைட். "இ" சேர்த்து எழுதுகிறவர்களுக்கு அதுவும் 39. முகவரிப் பட்டியலைத் திருத்தியவர் ஸ்ட்ரக்டைத் தொடவில்லை. சுழியோடு 40 பைட்டை 32 பைட் இடத்தில், அளவு பார்க்காமல் காப்பி செய்கிற ஸ்டர்காப்பி ஃபங்ஷன் கொட்டும்போது 8 பைட் பக்கத்தில் இருக்கிற ஃபீல்டின் மேல் விழுகிறது. பக்கத்தில் இருப்பது அளவுள்ள இன்னொரு பெயரென்றால் தப்பாக அச்சாகும், பாயிண்டராக இருந்தால் புரோகிராம் விழும். எந்த ஊர்க்காரர் லேபிள் எடுக்கிறார் என்பதைப் பொறுத்து விழுவதும் விழாததும் மாறுவதால்தான் உங்களால் பிடிக்க முடியவில்லை. 1989-ல் பழைய வட ஆற்காட்டைப் பிரித்தபோது நம் பக்கத்துக்கு வைத்த பெயர் "வட ஆற்காடு அம்பேத்கர்". இடைவெளிகளோடு அது 59 பைட். மாவட்டப் பெயர் இவ்வளவு நீளம்தான் இருக்கும் என்று யாராலும் எழுதிக்கொடுக்க முடியாது.

ஸ்டர்காப்பியை எடுத்துவிட்டு ஸ்டர்-என்-காப்பி போட்டால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. அது பழைய யூனிக்ஸில் 14 பைட் கொண்ட ஃபைல் பெயர்க் கட்டத்தை நிரப்புவது போன்ற வேலைக்கு வந்த ஃபங்ஷன். மூலம் நீளமாக இருந்தால் கடைசியில் சுழி வைக்காமலே விட்டுவிடும், குட்டையாக இருந்தால் மிச்சம் முழுவதையும் சுழியால் நிரப்பும். இரண்டுமே உங்களுக்கு வேண்டாத குணம். ஓப்பன்பிஎஸ்டி 1998-ல் கொண்டுவந்த ஸ்டர்-எல்-காப்பி பரவாயில்லை. ஆனால் ஜிலிப்சியில் அது 2023-ல், 2.38 வெர்ஷனில்தான் சேர்ந்தது, உங்கள் போர்டுகள் அதைவிடப் பழசு. எஸ்-என்-பிரிண்ட்எஃப் எல்லா இடத்திலும் உண்டு. முழுதாக எழுத எத்தனை பைட் தேவைப்பட்டிருக்கும் என்பதையே அது திருப்பித் தரும். அந்த எண் பஃபரின் அளவுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணைப் பார்க்காமலே விடுகிறவர்கள்தான் அதிகம்.

லேபிளில் மூன்றே வரி, ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் அளவு நிச்சயம் என்றால் எஸ்-என்-பிரிண்ட்எஃப்பும் ஒழுக்கமும் போதும், லைப்ரரியே வேண்டாம் என்றிருப்பேன். ஆனால் நீங்கள் பார்ட்டி முகவரியைப் பல துண்டுகளாக ஒட்டுகிறீர்கள், லாட் விவரம் சேர்க்கிறீர்கள், அப்புறம் எல்லாவற்றையும் படமாக வரைந்து பிரிண்டருக்கு அனுப்புகிறீர்கள். இப்படி வளர்ந்துகொண்டே போகிற ஸ்ட்ரிங்குக்கு, நீளத்தைத் தானே நினைவில் வைத்துக்கொள்கிற லைப்ரரி இருப்பது நல்லது. பால் ஷே எழுதிய பெட்டர் ஸ்ட்ரிங் லைப்ரரியும் இதே வேலையைச் செய்யும். அதில் நீளமும் தரவும் தனி ஸ்ட்ரக்டில் இருக்கும், கம்பைலர் வகைப் பிழையைப் பிடித்துத் தரும். புதிதாகத் தொடங்கினால் நான் அதையும் யோசிப்பேன். ஏற்கெனவே நூற்றுக்கணக்கான இடத்தில் சாதாரண கேரக்டர் பாயிண்டரை எதிர்பார்க்கிற உங்கள் கோடுக்கு எஸ்டிஎஸ்தான் தோதாக இருக்கும்.

எஸ்டிஎஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதைக் கையில் எடுக்க வேண்டாம். ரெடிஸ் டேட்டாபேஸை எழுதிய சால்வடோரே சான்ஃபிலிப்போ தன் அன்றாடச் சி வேலைக்காக எழுதி, பிறகு ரெடிஸுக்குள் கொண்டுபோய் வளர்த்த லைப்ரரி இது. ஒரு ஸ்ட்ரிங்குக்கு மெமரி ஒதுக்கும்போது முதலில் சின்ன ஹெடர், அதற்குப் பின்னால் எழுத்துகள், கடைசியில் வழக்கமான சுழி. உங்கள் கைக்கு வருகிற பாயிண்டர் ஹெடரின் தொடக்கத்தைக் காட்டாது, எழுத்துகள் தொடங்கும் இடத்தைக் காட்டும். அதனால் பிரிண்ட்எஃப்புக்கும், ஃபைலைத் திறக்கவும், படம் வரையும் லைப்ரரிக்கும் அதை அப்படியே கொடுக்கலாம். நீளம் வேண்டுமென்றால் பாயிண்டருக்கு ஒரு பைட் முன்னால் இருக்கிற வகைக் குறிப்பைப் பார்த்து, ஹெடரிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஸ்டர்லென் மாதிரி கடைசி வரை நடந்துபோய் எண்ண வேண்டியதில்லை. புதிதாக உருவாக்கும்போது 32 பைட்டுக்குக் குறைவான ஸ்ட்ரிங்குக்கு ஹெடர் ஒரே பைட், ஏறத்தாழ 255 வரை 3 பைட், ஏறத்தாழ 65535 வரை 5 பைட். "வேலூர்" மொத்தம் 20 பைட்டில் முடிந்துவிடும், "திருப்பத்தூர்" 43 பைட். பின்னால் எதையாவது ஒட்டினால் தேவையைப் போல இரண்டு மடங்கு இடம் எடுத்து வைத்துக்கொள்ளும். ஒரு எம்பிக்கு மேல் போனால் இரட்டிப்பதை விட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு எம்பி கூடுதலாக எடுக்கும். லேபிளுக்கு அந்த எல்லை வரவே வராது.

வசதி எங்கே இருக்கிறதோ ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. எஸ்டிஎஸ் வகை என்பது கேரக்டர் பாயிண்டருக்கு வைத்த மறுபெயர் மட்டுமே. சாதாரண ஸ்ட்ரிங்கை எஸ்டிஎஸ்லென் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் கம்பைலர் மூச்சு விடாது. அது முன்னால் உள்ள ஒரு பைட்டை ஹெடர் என்று நம்பிப் படித்து, வாய்க்கு வந்த நீளத்தைச் சொல்லும். எஸ்டிஎஸ் ஸ்ட்ரிங்கை வழக்கமான ஃப்ரீயிடம் கொடுத்தால், அது மெமரி ஒதுக்கிய தொடக்க இடம் இல்லாததால் ஹீப், அதாவது புரோகிராம் ஓடும்போது மெமரி ஒதுக்குகிற பகுதி, கெடும். கண்டிப்பாக எஸ்டிஎஸ்ஃப்ரீதான் போட வேண்டும். பழைய கோடும் புதுக் கோடும் கலந்து கிடக்கும் காலத்தில் இந்த இரண்டும்தான் உங்களைப் படுத்தப்போகின்றன. நான் செய்கிற ஏற்பாடு: எஸ்டிஎஸ் வகையை உள்ளடக்கிய ஒற்றை ஃபீல்டு ஸ்ட்ரக்ட் ஒன்றை வைத்து, அதன் மேல் நம் வேலைக்குத் தேவையான பத்துப் பன்னிரண்டு ஃபங்ஷன்களை மட்டும் எழுதிக்கொள்வது. மற்ற ஃபைல்கள் எதுவும் எஸ்டிஎஸ் ஹெடர் ஃபைலை நேரடியாக இன்க்ளூட் செய்யக் கூடாது. வகை வேறு என்பதால் மாற்றிக் கொடுத்தால் கம்பைலரே நிறுத்திவிடும். எழுதுவது கொஞ்சம் கூடும், ராத்திரித் தூக்கம் கெடாது.

அடுத்தது, திரும்பி வரும் பாயிண்டர். எஸ்டிஎஸ்கேட் ஒட்டும்போது இடம் போதாவிட்டால் ஸ்ட்ரிங் வேறு இடத்துக்கு நகரும், புது முகவரி திரும்பி வரும். அதைப் பழைய மாறியிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். போடாமல் விட்டால், இடம் மீதியிருந்த நாளெல்லாம் சரியாக ஓடிவிட்டு, நீளமான ஊர்ப் பெயர் வரும் அன்று விழும். ஒரே ஸ்ட்ரிங்கை இரண்டு ஸ்ட்ரக்ட் காட்டிக்கொண்டிருந்தால் ஒன்றை நகர்த்தியதும் மற்றது செத்த இடத்தைக் காட்டும். மேலே சொன்ன உறை ஸ்ட்ரக்டை முகவரியாக அனுப்பி, உள்ளேயே பாயிண்டரைப் புதுப்பித்துவிட்டால் முதல் பிரச்சினை ஒழியும். இரண்டாவதற்கு ஒரே வழி, ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் யார் உரிமையாளர் என்று முடிவு செய்து அதன்படி நடப்பது.

மெமரி தீர்ந்தால் என்ன ஆகும்? எஸ்டிஎஸ் எங்கும் காட்டாத வெற்றுப் பாயிண்டரைத் திருப்பித் தரும். அதை அப்படியே பழைய மாறியில் போட்டால் பழைய ஸ்ட்ரிங்கும் தொலைந்தது. ரெடிஸில் இது உறைக்காது, ஏனென்றால் அங்கே மெமரி கிடைக்காவிட்டால் சர்வரே நின்றுவிடும்படி வைத்திருக்கிறார்கள். லைப்ரரியின் நடை அந்த வீட்டுப் பழக்கத்தில் உருவானது. நீங்களும் அதையே செய்யலாம். எஸ்டிஎஸ்அலாக் என்கிற சின்ன ஹெடர் ஃபைலில் எந்த மெமரி ஃபங்ஷனை அழைப்பது என்று மூன்று வரியில் இருக்கும். அங்கே உங்கள் சொந்த ஃபங்ஷனைக் காட்டி, மெமரி கிடைக்காவிட்டால் லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் புரோகிராமை நிறுத்தி மறுபடி தொடங்கச் செய்யுங்கள். லேபிள் மெஷின் ஐந்து வினாடி நின்று எழுந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். தப்பான லாட் நம்பரோடு நூறு ஸ்டிக்கர் போனால் கோபிப்பார்கள்.

இப்போது எங்கே, எப்படி வைப்பது. உங்கள் புராஜெக்டில் வெளியார் கோடுக்கென்று ஒரு தனி ஃபோல்டர் வையுங்கள். அதில் எஸ்டிஎஸ்ஸின் சி ஃபைல், இரண்டு ஹெடர் ஃபைல், லைசென்ஸ் ஃபைல். கூடவே எங்கிருந்து, எந்தத் தேதியில், எந்தக் கமிட்டிலிருந்து எடுத்தது, நாம் எதை மாற்றினோம் என்று நான்கு வரிக் குறிப்பு. உள்ளே உள்ள கோடைக் கைவைத்து அழகுபடுத்தாதீர்கள், டேப் இடைவெளிகூட மாற்ற வேண்டாம். அவசியம் மாற்ற வேண்டியதைத் தனிப் பேட்ச் ஃபைலாக வைத்திருங்கள். நாளைக்குப் புது வெர்ஷன் எடுக்கும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் வழி. வெளியார் கோடை இணைப்பாக மட்டும் வைத்து நெட்டிலிருந்து இறக்குகிற கிட் சப்மாட்யூல் வேண்டாம் என்பது என் கருத்து. இன்டர்நெட் இல்லாத இடத்தில் கம்பைல் செய்ய நேர்ந்தால் வெறும் ஃபோல்டர்தான் மிஞ்சும். எச்சரிக்கைகளையெல்லாம் பிழையாக்குகிற கம்பைலர் ஆப்ஷனை உங்கள் ஃபைல்களுக்கு மட்டும் வையுங்கள். புதுக் கம்பைலர் வந்து வெளியார் கோடில் ஒரு எச்சரிக்கை கொடுத்ததற்காக உங்கள் பில்டு நிற்கக் கூடாது.

பெயர் மோதல் என்று ஒன்று உண்டு, அண்ணனின் பயத்தில் நியாயமான பாதி இதுதான். ஸ்ட்ரிங் லைப்ரரி சின்னதாக இருப்பதால் எல்லோரும் காப்பி செய்கிறார்கள். நீங்கள் நாளைக்குச் சேர்க்கிற இன்னொரு லைப்ரரிக்குள்ளும் ஒரு எஸ்டிஎஸ் இருக்கலாம். ஸ்டாட்டிக்காக லிங்க் செய்தால் ஒரே ஃபங்ஷன் இரண்டு இடத்தில் இருக்கிறது என்று லிங்கர் கத்த வாய்ப்புண்டு, அது நல்லது. ஷேர்டு லைப்ரரியாக இருந்தால் கத்தாது. அந்த லைப்ரரி தன் எஸ்டிஎஸ்நியூவை அழைக்கும்போது உங்கள் புரோகிராமில் உள்ளது ஓடிவிடும். இரண்டும் வேறு வெர்ஷன் என்றால் ஒன்று எழுதிய ஹெடரை மற்றது வேறு மாதிரிப் படிக்கும், அதற்குப் பிறகு எங்கே விழும் என்று சொல்ல முடியாது. இது கற்பனை இல்லை. ரெடிஸ் குடும்பத்திலேயே நடந்திருக்கிறது. ரெடிஸுக்குள் ஒரு எஸ்டிஎஸ், அதன் கிளையண்ட் லைப்ரரியான ஹைரெடிஸுக்குள் இன்னொன்று. காலப்போக்கில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிவிட்டன. கடைசியில் ஹைரெடிஸ்காரர்கள் தங்கள் பிரதியின் ஃபங்ஷன் பெயர்கள் எல்லாவற்றுக்கும் "ஹை" என்று முன்னொட்டு வைத்தார்கள். பழைய பெயரைப் புதுப் பெயரோடு இணைக்க ஒரு தனி ஹெடர் ஃபைலும் எழுதினார்கள். எழுதியவர்களின் சொந்தக் கோடிலேயே இந்தக் கதி என்றால் நாம் முதல் நாளே முன்னொட்டு வைத்துவிடுவது நல்லது. எஸ்டிஎஸ் ஃபங்ஷன் பெயர்களையெல்லாம் மேக்ரோவால் உங்கள் முன்னொட்டோடு மாற்றுகிற ஒரு ஹெடர் ஃபைலை எழுதி, கம்பைல் செய்யும்போது முதலில் அது சேரும்படி செய்யுங்கள். மூலக் கோடைத் தொடாமலே வேலை முடியும். இன்னும் எளிய வழி, உங்கள் உறை ஃபைலுக்குள்ளேயே எஸ்டிஎஸ் சி ஃபைலை இன்க்ளூட் செய்து, வெளியே தெரிய வேண்டாதவற்றை ஸ்டாட்டிக் ஆக்குவது. ஆனால் அதற்கு மூலத்தில் கை வைக்க வேண்டியிருக்கும். நான் முன்னொட்டைத்தான் தேர்வு செய்வேன்.

எங்கிருந்து எடுப்பது என்பதில் இப்போது ஒரு கண்ணி இருக்கிறது. தனியாக வெளியிட்டிருக்கிற எஸ்டிஎஸ், பிஎஸ்டி இரண்டு பிரிவு லைசென்ஸில் வருகிறது. ரெடிஸ் சர்வரின் புதிய சோர்ஸுக்குள் போய் அங்கிருக்கிற எஸ்டிஎஸ் ஃபைலை எடுக்காதீர்கள். 2024-ல் ரெடிஸ் 7.4 வெர்ஷனிலிருந்து லைசென்ஸை மாற்றிவிட்டார்கள், அது விற்பனைப் பொருளுக்குள் யோசிக்காமல் வைக்கிற வகை இல்லை. தனி எஸ்டிஎஸ்ஸையே எடுங்கள். ரெடிஸில் வந்த திருத்தங்களும் வேண்டுமென்றால், 7.2 கோடிலிருந்து பிரிந்து பிஎஸ்டியிலேயே தொடர்கிற வால்கீயைப் பாருங்கள். பிஎஸ்டி உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான்: காப்பிரைட் வரியும் நிபந்தனைகளும் பொறுப்புத்துறப்பும் நீங்கள் கொடுக்கிற பொருளோடு போக வேண்டும். சோர்ஸ் கொடுக்காமல் போர்டில் ஏற்றிக் கொடுப்பதால், கூடப் போகிற கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வாசகத்தை அச்சிட்டுவிடுங்கள். வெளிநாட்டு பிராண்டுக்கு ஷூ செய்கிற கம்பெனிகள் ஆடிட்டில் இதைக்கூடக் கேட்கக்கூடும்.

திருத்தம் பற்றி. பேக்கேஜாக இருந்தால் லினக்ஸ்காரர்கள் திருத்தி அனுப்புவார்கள், உள்ளே வைத்தால் யாரும் அனுப்ப மாட்டார்கள். 2021 அக்டோபரில் ரெடிஸில் எஸ்டிஎஸ் பகுதியிலேயே ஒரு இன்டீஜர் ஓவர்ஃப்ளோ திருத்தப்பட்டது, பாதுகாப்புக் குறைகளுக்குப் பொதுவாகக் கொடுக்கிற சிவிஇ பட்டியலில் அதன் எண் சிவிஇ-2021-41099. அளவுக்கு மீறிய பெரிய ஸ்ட்ரிங் வந்தால் நீளக் கணக்கு சுற்றிப்போய், தேவையைவிடச் சின்ன இடம் ஒதுக்கி, அதன்மேல் எழுதிவிடும். ரெடிஸை அப்டேட் செய்தவர்களுக்குச் சரியானது, காப்பி செய்து வைத்திருந்தவர்களுக்கு அப்படியே இருந்தது. உங்கள் லேபிளில் அவ்வளவு பெரிய ஸ்ட்ரிங் வராது என்றாலும், உறை ஃபங்ஷனில் ஒரு மேல்வரம்பு வைத்துவிடுங்கள். எந்த ஸ்ட்ரிங்கும் 64 கேபியைத் தாண்டினால் ஏற்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூல இடத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்க ஒருவரை நியமியுங்கள். அது அண்ணனாகவே இருக்கட்டும், அவருக்குத்தான் அந்த அக்கறை இருக்கிறது.

இவ்வளவும் செய்தாலும் பெயர் வெட்டுப்படுவது நிற்காது, ஏனென்றால் எஸ்டிஎஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. அதற்குத் தெரிந்தது பைட் மட்டும். ஸ்டிக்கரின் அகலம் அளவானது, எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். "வேலூர்" என்பதை 15 பைட்டில் வெட்டிப் பாருங்கள். ஐந்து குறியீடு முழுதாக இருக்கும், யூடிஎஃப்-8 சோதனையிலும் தேறும், அச்சில் "வேலூர" என்று வரும், புள்ளி போய்விட்டது. உங்கள் 32 பைட் ஃபீல்டில் எஸ்-என்-பிரிண்ட்எஃப் "திருப்பத்தூர்" என்பதை 31 பைட்டில் நிறுத்தினால் "திருப்பத்த" வந்து, அதன் பின்னால் அனாதையாக ஒரு பைட் நிற்கும். பெயரின் கடைசியில் கேள்விக்குறிக் கட்டம் அச்சாகிறது என்று நீங்கள் சொன்னது அதுதான்.

வெட்டுகிற ஃபங்ஷனை நீங்களே எழுத வேண்டும், பெரிய வேலை இல்லை. வெட்ட நினைக்கிற இடத்தில் உள்ள பைட் 128-லிருந்து 191-க்குள் இருந்தால் அது ஒரு குறியீட்டின் நடுப்பகுதி, அந்த எல்லைக்கு வெளியே வரும்வரை பின்னால் நகருங்கள். இப்போது குறியீட்டின் தொடக்கத்தில் நிற்கிறீர்கள். அந்தக் குறியீடு உயிர்மெய்க் குறியா புள்ளியா என்று பாருங்கள். தமிழ்க் குறியீடு எல்லாம் 224-ல் தொடங்கும். இரண்டாவது பைட் 174 ஆக இருந்து மூன்றாவது 190 அல்லது 191 என்றால் அது துணைக்கால் அல்லது இகரக் குறி. இரண்டாவது 175 ஆக இருந்து மூன்றாவது 128 முதல் 141 வரை, அல்லது 151 என்றால் மீதிக் குறிகளும் புள்ளியும். அப்படியானால் இன்னும் ஒரு குறியீடு பின்னால் போய், மறுபடி அதே சோதனை. மெய்யோ உயிரோ வந்து நிற்கிற இடத்தில் வெட்டலாம். க்ஷ, ஸ்ரீ போன்ற கூட்டெழுத்துகளையும் காப்பாற்ற வேண்டுமென்றால் அவற்றுக்குத் தனியாக ஒரு வரி சேர்க்க வேண்டும்.

எஸ்டிஎஸ்ஸில் உள்ள சில ஃபங்ஷன்களைத் தமிழோடு பழகும்போது கவனமாக இருங்கள். எஸ்டிஎஸ்ட்ரிம் ஓரங்களில் உள்ள இடைவெளி, வரிமுடிவு போன்றவற்றை நீக்க நன்றாக உதவும். ஆனால் நீக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஒரு தமிழ்க் குறியைக் கொடுத்தால் அதை மூன்று தனித்தனிப் பைட்டாக எடுத்துக்கொள்ளும். எல்லாத் தமிழ் எழுத்தும் 224-ல் தொடங்குவதால் பெயரின் முதல் பைட்டே கழன்றுவிடும். தேடுவதும் காற்புள்ளியில் பிரிப்பதும் பிரச்சினையில்லை, யூடிஎஃப்-8 அமைப்பே அதற்குப் பாதுகாப்பு. சி மொழியின் ஈஸ்ஆல்ஃபா போன்ற ஃபங்ஷன்களுக்குத் தமிழ் பைட்டைக் கொடுக்கும் இடங்களையும் தேடிப் பாருங்கள். உங்கள் மேசைக் கணினியில் கேரக்டர் வகை குறியுள்ளது, அங்கே 224 என்பது மைனஸ் 32 ஆகிவிடும். ஏஆர்எம் போர்டில் அது குறியில்லாதது, 224 ஆகவே இருக்கும். ஆபீஸில் ஒரு மாதிரியும் ஷெட்டில் வேறு மாதிரியும் ஓடுகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். கொடுப்பதற்கு முன் அன்சைன்டு கேரக்டராக மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது.

ஒரே பார்ட்டி இரண்டு முறை பதிவாகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். "பொன்னை" என்ற ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரக் குறியை ஒரே குறியீடாகத் தட்டினால் மொத்தம் 18 பைட். எகரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக வந்தால் 21 பைட். திரையில் இரண்டும் ஒன்றே, ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடுகிற ஸ்டர்கம்ப் இரண்டையும் வேறு என்று சொல்லும். இதற்கு யூடிஎஃப்8ப்ராக் என்றொரு லைப்ரரி இருக்கிறது, எம்ஐடி லைசென்ஸ், அதையும் உள்ளேயே வைக்கலாம். அதன் சி ஃபைல் தன் தரவு ஃபைலைத் தானே இன்க்ளூட் செய்துகொள்ளும், தரவு ஃபைலைத் தனியாகக் கம்பைல் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். ஆனால் தமிழுக்கு மட்டும் என்றால் சேர வேண்டிய ஜோடிகள் நான்குதான்: ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, தனி ஔ. முகவரியைச் சேமிக்கும் முன் அந்த நான்கையும் ஒட்டிவிடுகிற ஃபங்ஷனை நீங்களே எழுதிவிடுங்கள், ஐம்பது வரிகூட வராது. ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தையே தட்டுகிற பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. அதை எந்த லைப்ரரியும் திருத்தாது, டைப் செய்கிறவரிடம்தான் சொல்ல வேண்டும்.

போர்டில் ஏற்றுவதற்கு முன், மெமரிப் பிழைகளைப் பிடித்துக் காட்டுகிற அட்ரஸ் சானிடைசர் என்கிற கம்பைலர் வசதியை இயக்கிக் கம்பைல் செய்து, சில ஸ்ட்ரிங்குகளை ஓட்டுங்கள். மூன்று மாவட்டப் பெயர்கள், பொன்னை இரண்டு விதமாக, வெறும் ஸ்ட்ரிங், ஆங்கிலமும் தமிழும் கலந்த முகவரி. ஒரு ஸ்ட்ரிங்கை 1 பைட்டிலிருந்து 300 பைட் தாண்டும்வரை ஒவ்வொரு பைட்டாக ஒட்டிப் பாருங்கள். இடம் தீரும்போதெல்லாம் ஸ்ட்ரிங் வேறு இடத்துக்கு நகரலாம், வழியில் எஸ்டிஎஸ் ஹெடர் வகையும் மாறும், எங்காவது பழைய பாயிண்டரைப் பிடித்துக்கொண்டிருந்தால் அங்கேதான் மாட்டும். பிறகு எல்லா ஊர்ப் பெயரையும் 1 பைட் முதல் முழு நீளம் வரை ஒவ்வோர் அளவிலும் வெட்டி, வருவது முழு எழுத்தாக முடிகிறதா என்று ஒரு லூப் போட்டுச் சரிபாருங்கள். இதே சோதனையைப் போர்டிலும் ஒருமுறை ஓட்டுங்கள், மேசைக் கணினியில் தேறியது மட்டும் போதாது.